மனச் சஞ்சலமும் துவையல் தவசும்

அய்யா துணை



நான் மேடை ஏறிப் பேசுகிறவன் இல்லை. எங்கள் ஊர் நிழல்தாங்கலில் தண்ணீர் கோரி வைப்பது, விளக்குத் துடைப்பது, உச்சிப்படிப்பு முடிந்ததும் இனிமம் கொடுப்பது, இவைதான் என் வேலை. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. தொழில் வாழை விவசாயம். ஆனால் இனிமம் வாங்க வருகிறவர்கள் கையை நீட்டும்போது கூடவே ஒரு கேள்வியையும் கொண்டுவருகிறார்கள்.

"அண்ணாச்சி, படிப்பு படிக்கும்போது மனசு ஒரு இடத்துல நிக்கவே மாட்டேங்கு."

"ராத்திரி படுத்தா ஒண்ணு மாத்தி ஒண்ணா நினைப்பு வருது."

"வீட்டுல தொட்டதெல்லாம் தடையா இருக்கு. யாராவது ஏதும் செய்து வச்சிருப்பாங்களோ?"

"நாம சொல்லுறதெல்லாம் அய்யா கேக்காரா?"

இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது எல்லோருமே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். தாங்கலுக்குள் நின்றுகொண்டு இப்படிக் கேட்பது குற்றம் என்று பயம். அந்தப் பயத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஐயம் கேட்பது அய்யாவழியில் குற்றமே இல்லை. நம் அகிலத்திரட்டு அம்மானை எப்படித் தொடங்கி நடக்கிறது என்று ஏடு வாசிப்பு கேட்டவர்களுக்குத் தெரியும். அன்னை லட்சுமி கேட்கிறார், நாராயணர் சொல்லுகிறார். யுகங்கள் எல்லாம் பிறந்த விதமும், குறோணி ஆறு துண்டாக வெட்டப்பட்டு யுகந்தோறும் பிறந்ததும், கலி வந்ததும், அய்யா வைகுண்டர் அவதரித்ததும் அந்தப் பேச்சில்தான் விரிகின்றன. அரிகோபாலன் சீடர் மூலம் 1841-ல் ஏட்டில் எழுதப்பட்ட அந்தத் திருநூலே தாயார் கேட்ட கேள்விக்குப் பதிலாக நமக்குக் கிடைத்தது என்றால், ஒரு சாதாரண மனிதன் கேள்வி கேட்பதில் என்ன தப்பு? கேளுங்கள். தெரிந்த பெரியவர்களிடம் கேளுங்கள். கார்த்திகையில் பதினேழு நாள் ஏடு வாசிக்கும்போது கடைசி நாள் திருவிழாவுக்கு மட்டும் வராமல், நடுவில் உள்ள நாட்களிலும் வந்து உட்கார்ந்து கேளுங்கள். பாதிப் பேருக்குப் பாதி ஐயம் அங்கேயே தீர்ந்துவிடும்.

தொல்லை கொடுப்பது இன்னொரு வகை ஐயம். அது பதிலைத் தேடாது. பதில் சொன்னாலும் ஏற்காது. மரத்துக்குள் புழு போல உட்கார்ந்து அரித்துக்கொண்டே இருக்கும். கதவைப் பூட்டினோமா என்று தொடங்கும்; அவன் ஏன் இன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்று போகும்; கடைசியில் நமக்கு யாருமே நல்லது நினைக்கவில்லை, அய்யாவும் கைவிட்டுவிட்டார் என்று வந்து நிற்கும். இந்தச் சஞ்சலத்துக்கு யாரும் வாயால் மருந்து சொல்ல முடியாது. சொன்னால் அது அந்தச் சொல்லிலேயே இன்னொரு ஐயத்தைக் கண்டுபிடிக்கும். கலி கையில் ஆயுதத்தோடு வரவில்லை, மாய்கையாக மனதுக்குள் இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்வதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன்.

அப்படியானால் மனதை எப்படித்தான் அடக்குவது?

இங்கே துவையல் தவசை நினைத்துப் பாருங்கள். அய்யா தம்மை நம்பி வந்த 700 குடும்பத்தாரைக் கடற்கரைக்கு அனுப்பினார். முதலில் வாகைப்பதி, பிறகு முட்டப்பதி. அங்கே அவர்களுக்கு என்ன பாடம் நடந்தது? கண்ணை மூடி உட்காரச் சொன்னாரா? மூச்சை அடக்கச் சொன்னாரா? இல்லை. நாள்தோறும் மூன்று வேளை கடலில் குளிக்க வேண்டும். உடுத்த துணியைத் துவைக்க வேண்டும். ஒருபொழுது எளிய சைவ உணவு. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ண வேண்டும். அய்யாவின் நாமத்தைச் சொல்ல வேண்டும். மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே.

அந்தக் காலத்தில் அந்த மக்களின் மனம் என்ன நிலையில் இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். திருவிதாங்கூர் ஆட்சியில் தலைக்கு வரி. ஊழிய வேலை. முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக் கூடாது. தலையில் துணி கட்டக் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது. மேல்சாதிக்காரர் வந்தால் இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும், ஏனென்றால் நீ அருகில் வந்தாலே தீட்டு. தலைமுறை தலைமுறையாக இதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு வருகிற பெரிய ஐயம் எது? கடவுள் உண்டா என்பது அல்ல. "நான் உண்மையிலேயே அழுக்கானவன்தானோ" என்பதுதான். அந்த ஐயத்தை ஒரு பிரசங்கத்தால் போக்க முடியுமா? குளி, துவை, கூடி உண், தலைப்பாகை கட்டு என்றார் அய்யா. மூன்று வேளை குளித்து, வெளுத்த துணி உடுத்து, பக்கத்தில் இருப்பவனோடு ஒரே பந்தியில் உண்டு எழுந்தவனிடம் யாராவது "நீ தீட்டு" என்றால் அவன் நம்புவானா? மனதுக்குள் இருந்த அழுக்கைக் கையால் துவைக்கப் பழக்கினார் அய்யா. பதியில் நிலைக்கண்ணாடியை வைத்து, இரண்டு பக்கமும் விளக்கு ஏற்றி, வருகிறவன் தன் முகத்தையே பார்த்துக் கும்பிடும்படி வைத்திருப்பதும் அந்த ஐயத்துக்கு மருந்துதான். தள்ளி நில் என்று விரட்டப்பட்டவன் பள்ளியறை முன் வந்து நிமிர்ந்தால், விளக்கு வெளிச்சத்தில் தெரிவது அவன் முகம்.

இதைப் பல வருடம் கேட்டும் சொல்லியும் வந்தவன்தான் நான். ஆனால் எனக்கு என்று சஞ்சலம் வந்தபோது என்ன செய்தேன் என்பதையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் இதுவரை எழுதியதற்கு மரியாதை இல்லை.

2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி புயல் அடித்தது நம் மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. நான் பாட்டத்துக்கு எடுத்துப் போட்டிருந்த வாழை குலை தள்ளி நின்றது. விடிந்து போய்ப் பார்த்தால் ஒரு மூடு நிமிர்ந்து நிற்கவில்லை. அந்தக் குலையை நம்பித்தான் மகளுக்குக் கல்யாணம் பேசி வைத்திருந்தேன். நாளைத் தள்ளிக் கேட்டேன். மறுபடியும் தள்ளிக் கேட்டேன். மாப்பிள்ளை வீட்டார் ஒருநாள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள் என்று செய்தி வந்தது. மகள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்போதுதான் அந்தப் புழு உள்ளே நுழைந்தது. எனக்கு மட்டும் ஏன்? அண்ணன் தோட்டத்தில் தென்னை நிற்கிறதே! அண்ணன் பிள்ளைக்குப் போன வருடம் நல்லபடியாகக் கல்யாணம் முடிந்ததே! பெண் பார்க்க வந்த அன்று மைனி என் மகளை ஒரு மாதிரி பார்த்தார்களே! அந்த ஒரு பார்வையை எடுத்து வைத்துக்கொண்டு இரவெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உகப்படிப்பு படிக்கும்போது வாய் படிக்கும், மனம் மைனியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டுக்காரி கேட்டபோது ஒன்றுமில்லை என்றேன்.

ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். தூரத்து ஊர் ஒன்றில் குறி சொல்லுகிறவர் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். நிறுத்தத்தில் இறங்குவதற்கு முன்பு தோளில் கிடந்த துண்டை எடுத்து நெற்றியில் இருந்த திருநாமத்தைத் துடைத்தேன். அய்யாவழிக்காரன் குறி கேட்க வந்திருக்கிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் காரணம். காலையில் தாங்கலில் இட்டுக்கொண்ட நாமம். என் கையாலேயே துடைத்தேன். இதை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது.

அவர் சொன்னது இதுதான்: சொந்தத்தில் ஒரு பெண், உன் வீட்டுக்குக் கிழக்கே இருப்பவள். என் அண்ணன் வீடு கிழக்கே இருக்கிறது. எனக்கு அது போதுமாக இருந்தது. எங்கள் தெருவில் என் வீட்டுக்குக் கிழக்கே சொந்தக்காரர் வீடு இன்னும் நாலு உண்டு என்பது அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை.

அன்றிலிருந்து அண்ணன் வீட்டோடு பேச்சை நிறுத்தினேன். வழியில் கண்டால் வேலிப்பக்கம் திரும்பிக்கொள்வேன். அண்ணனுக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தபோதும் போகவில்லை. கூடப் பிறந்தவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், நான் தோட்டத்தில் வாழைக்கன்று நட்டுக்கொண்டிருந்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அய்யா பேய்களை எரித்ததையும், மந்திரவாதங்களைச் செயலற்றுப் போகச் செய்ததையும் அகிலம் சொல்லுகிறது. ஆண்டுதோறும் கேட்கிறோம். அப்படிக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று நினைத்தால் அதற்கு என்ன அர்த்தம்? அய்யா வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார் என்று நாம் சொல்லுகிறோம் என்றுதான் அர்த்தம். இதை நான் பிறருக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன். எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை.

தாங்கலுக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. ஆனால் உள்ளே போக முடியவில்லை. கிணற்றடியில் தண்ணீர் கோருவேன், முற்றம் பெருக்குவேன், படிப்பு தொடங்கும்போது வெளியே நின்றுகொள்வேன். கண்ணாடி முன் போக மனம் ஒப்பவில்லை. அப்போது எங்கள் தாங்கலில் பணிவிடை செய்துவந்த பாட்டா ஒருவர் இருந்தார். இப்போது அவர் இல்லை. அவர் சில நாள் பார்த்தார். ஒருநாள் காலையில் ஈரத் துணி ஒன்றைக் கையில் தந்து, "மக்களே, விளக்குக் கரி ஏறிக் கெடக்கு. குளிச்சிட்டு வந்து கண்ணாடியத் தொடச்சிரு. எனக்கு இப்பம் கை எட்ட மாட்டேங்கு" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

குளித்தேன். தலைப்பாகை கட்டினேன். நாமம் இட்டுக்கொண்டேன். கண்ணாடியைத் துடைக்கிறவன் எட்டி நின்று துடைக்க முடியாது. முகம் கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும். கரி போகப் போக நெற்றி தெரிந்தது, நாமம் தெரிந்தது, பிறகு கண். அந்தக் கண்ணை நான் பார்த்தேன். மைனி என் மகளை ஒரு மாதிரி பார்த்தார்கள் என்று சொன்னேனே, அப்படிப் பார்க்கிற கண் யாருடையது என்று தெரிந்தது.

அன்றோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் பொய். மறுநாளும் சந்தேகம் வந்தது. மறுநாளும் கண்ணாடியைத் துடைத்தேன். பாட்டா தினமும் துணியைத் தந்தார். ஏழு மாதம் அப்படி நடந்தது. முதலில் துடைக்கும் நேரம் முழுவதும் அதே நினைப்பு. பிறகு கொஞ்சம் குறைந்தது. பிறகு ஒருநாள், கண்ணாடியின் கீழ்மூலையில் போகாத ஒரு கறையை எப்படிப் போக்குவது என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் துடைத்து முடித்துவிட்டேன். படி இறங்கும்போதுதான் அது எனக்குத் தெரிந்தது. முட்டப்பதிக் கடற்கரையில் எதற்காகத் தினமும் துவைத்தார்கள் என்று அன்று விளங்கியது. துணி ஒரு நாளில் வெளுத்துவிடும். தவசு ஒரு நாளில் முடியவில்லையே.

அதனால் என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்லுவது இவ்வளவுதான்.

படிப்பில் மனம் நிற்கவில்லை என்றால் வாயை விட்டுச் சத்தமாகப் படியுங்கள். முணுமுணுத்தால் மனம் ஓடும். சத்தம் காதில் விழுந்தால் காதாவது அங்கே நிற்கும். மனம் ஓடினால் ஓடட்டும், திரும்பி வரும்போது படிப்பு நடந்துகொண்டிருக்க வேண்டும். வீட்டில் தனியாகச் செய்கிறவர்கள் காலையில் எழுந்ததும் போனைத் தொடுவதற்கு முன் குளித்து நாமம் இட்டுவிடுங்கள். இதெல்லாம் சின்ன விஷயம்தான்.

இரவில் யாரைப் பற்றியும் தீர்ப்பு எழுதாதீர்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு வருகிற நினைப்பு விடிந்து பார்த்தால் பாதிக்கு மேல் நிற்காது. நிற்கிற மீதியை, சம்பந்தப்பட்ட ஆளிடம் நேரே போய்க் கேளுங்கள். "நீங்கள் அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீர்கள்" என்று கேட்டுவிட்டால் ஒரு சாயா குடிக்கும் நேரத்தில் முடிகிற காரியம். கேட்க வெட்கப்பட்டால் வருடக்கணக்கில் போகும். எனக்குப் போனது.

கையில் ஒரு பணிவிடையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியதாக வேண்டாம். தாங்கல் முற்றம் பெருக்குவது, தர்மச் சோற்றுக்குக் காய் நறுக்குவது, முதியவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது. தினமும் அதே நேரத்தில், மனம் சரியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும். சஞ்சலம் வந்து "இதற்கு என்ன பதில்" என்று கேட்டால், "இந்தக் காயை நறுக்கி முடித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. வாரக்கணக்கில் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, கையைக் கழுவிக் கழுவித் தோல் உரிகிறது, உயிரை விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது என்றால், அதைச் சஞ்சலம் என்று சொல்லி வீட்டுக்குள் வைத்திருக்காதீர்கள். வயிற்று வலிக்குப் போவது போல ஆசாரிப்பள்ளம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசு எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. மருந்து சாப்பிடுவதால் அய்யாவின் மேல் நம்பிக்கை குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அவர்களை என்னிடம் அனுப்புங்கள். காய்ச்சலுக்கு மாத்திரை போடும்போது அவர்கள் யாரிடம் அனுமதி கேட்டார்கள் என்று நான் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணன் வீட்டுக்கு நான் போனது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். கையில் ஒரு சீப்பு பழம். படிக்குக் கீழே நின்றேன். மைனிதான் வெளியே வந்தார்கள். ஒரு நிமிஷம் பார்த்தார்கள். "வாங்க தம்பி" என்று உள்ளே போய் சாயா போட்டுக் கொண்டுவந்தார்கள். அண்ணன் மெலிந்துபோயிருந்தான். பேசிக்கொண்டிருக்கும்போது மைனி சொன்னார்கள்: "பிள்ளைக்கு வேற இடம் ஏதும் வந்துதான்னு நான் தெனமும் அக்கம்பக்கத்துல கேட்டுட்டுத்தான் இருந்தேன். நீங்க வராததுனால உங்ககிட்ட கேக்க முடியல்ல." மகளுக்குப் பிறகு அமைந்த நல்ல இடமும் அவர்கள் விசாரித்துச் சொன்னதுதான். முதல் சம்பந்தம் முறிந்ததற்குக் காரணமும் பின்னால் தெரிந்தது. இரண்டு தடவை நாளைத் தள்ளியபோது, எதற்காகத் தள்ளுகிறேன் என்பதை நான் சொல்லவில்லை. கடன் இருப்பதைச் சொல்ல வெட்கம். அவர்கள் எனக்கு மனமில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். அதாவது அந்தப் பக்கமும் ஒரு சந்தேகம்தான், அதற்குக் காரணம் என் வாய்.

குறி கேட்கப் போனதை மைனியிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை. அவர்கள் ஏதோ கோபம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் புத்தகத்துக்கு எழுதக் கேட்டபோது அதை விட்டுவிட்டு எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். எங்கள் தாங்கலில் இருந்து வீட்டுக்கு ஒரு புத்தகம் கொடுப்போம். அண்ணனுக்கு இப்போது சின்ன எழுத்து தெரியாது, மைனிதான் வாசித்துக் காட்டுவார்கள். வாசிக்கட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு முடிந்து நான் இனிமத் தட்டோடு நிற்பேன். மைனியும் வரிசையில் வருவார்கள்.

அய்யா உண்டு.